நெஞ்சுக்குழியா, தொப்புளா? வயிற்று வலியை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் நம் பக்கத்தில் வரும் பதில், "வயிறு." வயிற்றில் எங்கே என்று கேட்டால் உள்ளங்கை தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போடும். சரி, என்ன செய்கிறது என்றால், "கேஸ்" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் "அல்சர்."

இந்த மூன்று பதிலையும் 17 ஆண்டுகள் கேட்டவள் நான். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில், அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் அறையில், செவிலியராக இருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். காலை பஸ்ஸில் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வோர் ஊராக நின்று போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தாலும் தெருவில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் முதலில் என் வாசல் கேட்டின் தாழ்ப்பாள்தான் சத்தம் போடும்.

நான் மருத்துவர் இல்லை. மருந்து சொல்ல மாட்டேன். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவருக்கு உங்களுக்காகக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். அந்த நேரத்துக்குள் எதைச் சொன்னால் அவர் சரியான திசையில் யோசிப்பார் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே எது எங்கே இருக்கிறது

முதலில் கையை எடுத்துச் சரியான இடத்தில் வையுங்கள். இரைப்பை தொப்புளுக்குப் பின்னால் இல்லை. இடது விலா எலும்புகளுக்கு அடியில், மேலே ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து வளைந்து நடுப்பக்கம் வந்து, நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, வலப்புறமாக முடிகிறது. தொப்புளைச் சுற்றி இருப்பது சிறுகுடல். ஆகவே நெஞ்சுக்குழியில் வலி என்றால் மருத்துவர் மனத்தில் இரைப்பையும் அதை ஒட்டிய முன்சிறுகுடலும் வரும். தொப்புளைச் சுற்றிப் பிசைகிறது என்றால் சிறுகுடல் வரும். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பை. வலது அடிவயிற்றில் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. குடல்வால் தொங்குவதும் அங்கேதான். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டால், அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். "வயிறு" என்று மட்டும் சொன்னால் இந்த இடமாற்றம் முழுவதும் தொலைந்துபோகும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சில நேரம் ஆட்டுக்குடல் வரும். சுத்தம் செய்வது நானும் மருமகளும். சிறுகுடலைத் துண்டு துண்டாக வெட்டி, ஈர்க்குச்சியின் முனையில் ஒரு பக்கத்தை மாட்டி, பாவாடை நாடாவைத் திருப்புவதுபோல் உட்புறம் வெளியே வரும்படி இழுப்போம். ஒருநாள் அப்படி இழுக்கும்போது மருமகள், "என்ன அத்தை, உள்பக்கம் வெல்வெட் மாதிரி இருக்கிறதே?" என்றாள். அவள் விரலில் பட்டதுதான் சிறுகுடலின் முழு ரகசியமும். தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வெல்வெட் சின்னச் சின்ன மயிர்க்கால்களாக மிதப்பது தெரியும். குடலுறிஞ்சிகள் என்பது அவற்றைத்தான். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இவை இல்லாமல் குடல் வெறும் வழவழப்பான குழாயாக இருந்தால், நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பகுதி சும்மா கடந்துபோய்விடும்.

"அப்படியென்றால் இந்தத் துண்டு?" என்று பூத்துவாலைபோல் இருக்கும் பெரிய பகுதியைக் காட்டினாள். அது ஆட்டின் சொத்து, நமக்குக் கிடையாது. ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறை. புல்லை ஊறவைக்கும் முதல் அறைதான் அந்தத் துவாலை. நான்காவது அறை மட்டுமே நம்முடையதைப்போல் அமிலம் சுரப்பது.

நம்முடைய இரைப்பை ஒரே பை. பசித்திருக்கும்போது சுருங்கிக் கிடக்கும். சாப்பிட்டால் ஒன்று, ஒன்றரை லிட்டர்வரை தாராளமாக விரிந்துகொடுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் இரைப்பைநீர் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உங்கள் கையில் பட்டால் எரியும். அந்த அமிலம் இரைப்பையையே தின்றுவிடாமல் இருக்கக் காரணம், சுவரின்மேல் கோழைபோல் பூசியிருக்கும் ஒரு படலம். எண்டோஸ்கோப்பித் திரையில் பார்த்தால் அந்தப் படலம் ஈரமாக, இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அமிலத்தைத் திட்டுவதே நமக்கு வழக்கம். நான் பார்த்த அளவில் பாதிக் கதை அமிலம் கூடியதால் வந்ததில்லை. இந்தப் பூச்சு உதிர்ந்ததால் வந்தது.

இரைப்பையின் அடி வாசலைத் தாண்டினால் முன்சிறுகுடல். பன்னிரண்டு விரலை ஒட்டி வைத்தால் வரும் அகலம்தான் அதன் நீளம் என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் அதற்கு லத்தீனில் பன்னிரண்டு என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அமிலக் கூழ் வந்து விழுவதும், பித்தநீரும் கணையநீரும் வந்து அதன் புளிப்பை முறிப்பதும் இங்கேதான். இரும்புச் சத்து ஏறுவதும் பெரும்பாலும் இங்கேயே. அதன் பிறகு நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல். மொத்தமாக 6 மீட்டர். ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஒரு புடவையின் நீளம். உயிரோடு இருக்கும் உடலில் தசை இறுகி இன்னும் குறைவாக இருக்கும். மடிப்பும் உறிஞ்சியும் சேர்த்து விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பிற்பாடு சரியாக அளந்தவர்கள் 30 சதுர மீட்டர் என்று குறைத்துவிட்டார்கள். மைதானம் போய் ஒரு சின்ன வீட்டின் கூடமும் சமையலறையும் ஆயிற்று. அதுவே பெரிய விஷயம்தான்.

பின்சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குத் தனி வேலை: பி12 வைட்டமினை எடுப்பது. அதற்குத் துணையாக ஒரு புரதத்தை இரைப்பை சுரந்து அனுப்ப வேண்டும். ஒரு முனையில் சாவி, மறுமுனையில் பூட்டு. அதனால்தான் நாள்பட்ட இரைப்பை அழற்சிக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகிறது என்று வரும்போது மருத்துவர் பி12 பார்க்கச் சொல்கிறார்.

பத்து ரூபாய் நோட்டு

இனி வேலை. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் எழுதுங்கள். கைபேசியில் எழுதுவேன் என்பவர்கள் எழுதலாம். ஆனால் மருத்துவர் முன் உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு வந்தது, எந்த இடம், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எதனால் அடங்கியது, அன்று என்னென்ன மாத்திரை போட்டீர்கள், மலம் எப்படி இருந்தது. இடத்தைக் குறிக்கும்போது ஒரு விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கை தேவைப்படுகிறதா என்பதையும் எழுதுங்கள். வலியின் குணத்துக்கு நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? எரிகிறது, பிசைகிறது, சுருட்டிப் பிடிக்கிறது, குத்துகிறது, கடுக்கிறது, கனமாக இருக்கிறது. "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார்.

"சிஸ்டரம்மா, எனக்கு அல்சர்."

"யார் சொன்னது?"

"மருந்துக்கடைத் தம்பி."

அவருக்கு எழுத வராது. பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியை எழுதச் சொன்னேன். அந்தப் பெண் எழுதியது இப்படி இருந்தது:

திங்கள். விடியற்காலை 2 மணி. நெஞ்சுக்குழி, ஒரு விரல். எரிச்சல். ஆயா இரண்டு பிஸ்கட், அரை டம்ளர் பால் சாப்பிட்டது. கால் மணி நேரத்தில் அடங்கியது.

புதன். பகல் 12. பூக்கட்டும்போது. பழைய சோறு சாப்பிட்டதும் சரியானது.

சனி. புரட்டாசி விரதம், திருவந்திபுரம் போனோம். 10 மணிக்கே தொடங்கி, சாயங்காலம் சாப்பிடும்வரை விடவில்லை.

மருத்துவர் இதைப் படித்துவிட்டு, "யாரம்மா எழுதியது?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் வருகிறது, நள்ளிரவு தாண்டி எழுப்புகிறது, சாப்பிட்டால் அடங்குகிறது: முன்சிறுகுடல் புண்ணின் அச்சு அசல் நடை அது. இரைப்பையிலேயே புண் இருந்தால் பெரும்பாலும் சாப்பிட்டதும் வலி கூடும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து, ஆள் இளைத்துப்போவார். இந்த வேறுபாடு பாறையில் செதுக்கிய விதி இல்லை. நடையை வைத்து ஊகிக்கலாம், உறுதி செய்ய உள்ளே பார்த்தாக வேண்டும். பார்த்தோம். புண் இருந்தது.

அன்று இரைப்பையிலிருந்து அரிசி நொய் அளவு தசைத் துணுக்கைக் கிள்ளி எடுத்தார் மருத்துவர். அதை மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு குழிக்குள் போடுவது என் வேலை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால், அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். மஞ்சள் நிறம் ரோஸாக மாறும். சிலருக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூக்காரம்மாவின் துணுக்கு, நான் அடுத்த நோயாளியின் பெயரை எழுதி முடிப்பதற்குள் விளிம்பில் சிவந்து, சம்பங்கிக்கு நடுவில் அரளி வைத்ததுபோல் ஆகிவிட்டது.

கவலையாலும் காரத்தாலும் புண் வருகிறது என்றுதான் என் படிப்புக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் கிருமிதான் காரணம் என்றார்கள், யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இத்தனைக்குப் பிறகும் நம் வீடுகளில் மீன்குழம்புதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. காரம், இருக்கும் புண்ணை எரிய வைக்கும். இல்லாத புண்ணை உண்டாக்குவதில்லை. பால் அடக்குவதுபோல் தோன்றும், சற்று நேரத்தில் அதுவே அமிலத்தைத் தூண்டும்.

கிருமிக்கான மருந்து பெரும்பாலும் 14 நாள். ஒரு கை நிறைய மாத்திரை, வாயில் உலோகக் கசப்பு. ஐந்தாம் நாள் வலி போய்விடும். அங்கேதான் பாதிப் பேர் நிறுத்துவார்கள். நிறுத்தினால் மிச்சக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். முடித்து ஒரு மாதம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யச் சொல்வார்கள். அதற்கும் போங்கள்.

இன்னொன்று. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் பிடிக்க முடியும். இட்லி சாப்பிட்டு, டீ குடித்து, பிறகு போட்டால் பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வந்த கதை.

நான் எழுதாமல் விட்ட நோட்டு

மாத்திரைகளை ஏன் எழுதச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையே போதும். ஐம்பத்து நான்கு வயதில் மூட்டுவலி. மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக், காலையில் காபியோடு ஒன்று, இரவில் ஒன்று. மூன்று வாரம். யாரையும் கேட்கவில்லை, நானே செவிலியர் அல்லவா? அதே சமயம் இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். மலம் கறுத்தது. இரும்பு மாத்திரைக்குக் கறுக்கும் என்று எனக்கே நான் விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

இரும்பு மாத்திரையின் கறுப்பு வேறு. அது கரும்பச்சை கலந்து, கெட்டியாக இருக்கும். இரைப்பையில் கசியும் இரத்தம் அமிலத்தில் வெந்து வரும் கறுப்பு, சாலை போடும் தார். பளபளக்கும், ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானைவிட்டுப் போகாது, நாற்றமே தனி. எத்தனையோ பேரிடம் இதை நான் விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக் கழிவறையில் மட்டும் என் மூக்கு வேலை செய்யவில்லை. நான்காம் நாள், கிருமாம்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸில் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தண்ணீர் கொடுத்து, மருத்துவமனைவரை கூடவே வந்தாள். என் அறையில், நான் தினமும் விரிக்கும் அதே பச்சைத் துணியின்மேல், இடப்பக்கமாகப் படுத்தேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண்.

"எத்தனை நாளாக, சிஸ்டர்?" என்றார் மருத்துவர்.

"கேஸ் என்று நினைத்தேன்" என்றேன்.

வலிமாத்திரைகள் அந்தப் பாதுகாப்புப் பூச்சைச் சுரக்கவைக்கும் வேதிப்பொருளையே நிறுத்துகின்றன. அது இரத்தத்தின் வழியாக நடக்கிறது. எனவே "சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன்", "ஊசியாகத்தான் போட்டுக்கொண்டேன்" என்பதெல்லாம் காப்பாற்றாது. மூட்டுவலி மாத்திரை, தலைவலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம், எதுவானாலும் அட்டையையோ உறையையோ நோட்டில் செருகிக் கொண்டுபோங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மதுவும் நோட்டில் வர வேண்டும். புதுச்சேரி எல்லையில் வேலை பார்த்தவளிடம் இதை மறைக்காதீர்கள். விருந்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, கடைசி வாந்தியில் சிவப்பாக இரத்தம் வந்ததென்று திங்கட்கிழமை காலைகளில் இளைஞர்கள் வருவார்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் கிழிசல். மனைவி பக்கத்தில் நின்றால் "நேற்று சாப்பிட்ட புரோட்டா" என்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எண்டோஸ்கோப்பியில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னால் முகம் வாடுகிறவர்கள் உண்டு. "அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?" என்பார்கள். இல்லை. புண் இல்லாமலேயே இரைப்பை விரிவதில் தகராறு இருக்கலாம், அதன் நரம்புகள் சின்ன அசைவையும் வலியாக எடுத்துச் சொல்லலாம். கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பிவிட்டதுபோல் தோன்றுவது இந்த வகையில் அடிக்கடி வரும். அதற்கும் மருத்துவம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு வேறு இடத்தில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது அந்த மருத்துவத்தில் சேராது.

தொப்புளைச் சுற்றி

சிறுகுடலின் வலி அலை அலையாக வரும். சுருட்டிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும். பேதியோடு வந்தால், எத்தனை முறை போனீர்கள் என்பதோடு ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். சிறுகுடல் பேதி சொம்பு சொம்பாகத் தண்ணீராய்ப் போகும். அடிக்கடி முக்கி, கொஞ்சமாகச் சளியும் இரத்தமும் போனால் பெருங்குடலின் சீதபேதி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை.

குடித்த தண்ணீரும் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம் எல்லாமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியை அது திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அந்த வேலை ஒரு நாள் கெட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூர் மக்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தப்பு இன்றும் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய கரைசல் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு மிகுந்து ஆபத்தாகிவிடும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவும் அளந்து, ஆறவைத்த நீரில், முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை ருசிக்காக இல்லை. குடல் சுவரில் உப்பும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் ஒரு வாசல் வழியாக உள்ளே போகும். தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா வந்தாலும் அந்த வாசல் மூடுவதில்லை. 1971இல் வங்காள அகதி முகாமில் திலீப் மகாலானாபிஸ் என்ற மருத்துவர் ஊசிவழி நீர் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்து கொடுத்துப் பெருங்கூட்டத்தைக் காப்பாற்றினார்.

பேதி நின்ற பிறகும் பால் குடித்தால் வயிறு உப்பிப் பொருமுகிறதா? பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. பேதியில் நுனி உதிர்ந்துவிடும். சில நாளில் வளரும். தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்கு வயது ஏற ஏற அது தானாகவும் குறையும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

முன்பு வயிற்றில் ஏதாவது அறுவை நடந்ததா என்று கேட்டால் பெண்கள் பலர் "இல்லை" என்பார்கள். சிசேரியன்? "அது பிரசவம்தானே சிஸ்டர்." அதுவும் அறுவைதான். கருப்பை எடுத்ததும் அறுவைதான். பழைய தழும்பின் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு முறுக்கி அடைத்துக்கொள்ளலாம். சுருட்டிப் பிடிக்கும் வலி, வாந்தி, வயிறு உப்பிக்கொண்டே போவது, காற்றுகூடப் பிரியாமல் நிற்பது: இவை சேர்ந்தால் அடைப்பு. விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கும் நேரம் அது இல்லை.

மாலையில் காய்ச்சல், எடை இறங்குகிறது, வலது அடிவயிற்றில் மாதக்கணக்கில் வலி என்றால் குடல் காசநோயாக இருக்கலாம். நுரையீரல் சுத்தமாக இருந்தாலும் வரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தொக்கமும் இடுமருந்தும்

குழந்தை வாந்தியெடுத்தால் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தொண்டையில் குழல் வைத்து ஊதி, மூன்று மாதத்துக்கு முன் தின்ற கறித்துண்டு என்று கையில் ஒன்றைக் காட்டுவார்கள். பெரியவர்களுக்கு இடுமருந்து: மாமியார் சோற்றில் வைத்தது, பங்காளி பாயசத்தில் வைத்தது, பத்து வருடமாக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

சாப்பாடு இரைப்பையில் தங்குவது சுமார் நான்கு மணி நேரம். அது காலியான பிறகும் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை மேலிருந்து கீழாக ஒரு பலத்த அலை பெருக்கிக்கொண்டு போகும். பசிக்கும்போது கேட்கும் உறுமல் அந்த விளக்குமாற்றின் சத்தம். சுவரின் மேல்தோலே சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. ஒட்டிக்கொள்ள அங்கே பழைய சுவரே இல்லை. 17 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இரைப்பைகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். ஒருமுறை நீண்ட நாள் முடியைத் தின்ற ஒரு சின்னப் பெண்ணின் இரைப்பையில் முடிப்பந்து இருந்தது. செரிக்காத பொருள் குவிந்து உருண்டால் தங்கும் என்பதற்கு அது சான்று. பங்காளி வைத்த மருந்தை ஒரு நாளும் காணவில்லை. தொக்கத்தில் குழந்தையின் தொண்டை கிழிந்து வந்ததைக் கண்டிருக்கிறேன்.

நோட்டைத் தேடாமல் கிளம்ப வேண்டிய நேரம்

இரத்த வாந்தி, காப்பிப்பொடி கரைத்ததுபோல் வாந்தி, தார் மலம். கத்தியால் குத்தியதுபோல் திடீரென்று வந்து, வயிறு பலகையாய் இறுகிப்போகும் வலி. புண் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன அடைப்பு. இவற்றுக்கு 108தான்.

நெஞ்சுக்குழி வலியோடு குப்பென்று வியர்த்தாலோ, தாடைக்கோ தோளுக்கோ பரவினாலோ, நடந்தால் கூடினாலோ, சோடா குடிக்காதீர்கள். இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு அப்படியே "கேஸ்" வேடம் போடும். சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் அடக்கமாக. முதலில் இசிஜி, பிறகு வயிறு.

அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்ற பட்டியலும் உண்டு: காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, இரத்தசோகை, நிற்காத வாந்தி, ஐம்பது தாண்டிய பிறகு முதன்முறையாக வரும் வயிற்றுக் கோளாறு. இவற்றுக்குப் பான்டோப்ரசோலை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால், புற்றுநோய்ப் புண்கூடக் கொஞ்ச நாள் வலியில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

எண்டோஸ்கோப்பி நாள்

முந்தின இரவு எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாக. பிறகு ஒன்றும் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா, சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனையும் செய்வதென்றால் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம், அதையும் கேளுங்கள். பல்செட் இருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பா கொண்டுவாருங்கள். கைக்குட்டையில் முடிந்து தலையணை அடியில் வைத்தவர்களின் பல்லைச் சலவைக்கூடைவரை தேடிப் போயிருக்கிறேன்.

தொண்டையில் மரப்பு மருந்து அடிப்பார்கள். கசக்கும், தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டதுபோல் தோன்றும், ஆனால் அடைத்திருக்காது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வாயில் வளையம் வைத்ததும் எச்சிலை விழுங்காமல் கன்னத்தோடு வழியவிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம், கீழே துணி இருக்கிறது. குழாய் ஒரு சுண்டுவிரல் தடிமன்தான். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைப் பாருங்கள். எங்கள் அறையில் சுண்ணாம்பு உரிந்து ஆந்திர வரைபடம்போல் இருந்த ஓர் இடம் உண்டு. அதைப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முடிந்த பிறகு தொண்டை மரப்பு முழுதாகத் தெளியும்வரை எதையும் விழுங்கக் கூடாது, புரையேறிவிடும். அரை மணி, முக்கால் மணி ஆகும். முதலில் ஒரு மடக்கு வெறும் தண்ணீர். அது சரியாக இறங்கினால் பிறகு மற்றது. தூக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு வருகிறவருக்கு இரண்டு வேலை: மருத்துவர் சொல்வதை நோட்டில் எழுதுவது, வெளியே கேன்டீனில் சூடாக டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் மைத்துனரைத் தடுத்து நிறுத்துவது.